பொதுமேய்ச்சலும் வணிகப் பண்ணையும்: வெள்ளாட்டுக் குட்டிகளின் வளர்ச்சியை எதை வைத்து ஒப்பிடுவது?

மேய்ச்சல்மாணவர்:

பொதுமேய்ச்சல் நிலத்தில் வளரும் வெள்ளாடுகளையும் வணிகப் பண்ணைகளில் வளரும் வெள்ளாடுகளையும் ஒப்பிடும் கட்டுரைகளை வாசிக்கும்போதெல்லாம் ஒரே முடிவு கண்ணில் படுகிறது: பால்குடி மறக்கும் வயதில் வணிகப் பண்ணைக் குட்டி கூடுதல் எடையுடன் நிற்கிறது, ஆகவே அந்த முறையே சிறந்தது. முதல் பாதியை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து இரண்டாம் பாதிக்குச் சென்றுவிடும் வேகம்தான் எனக்கு ஏற்புடையதாக இல்லை.

எந்த இரண்டை ஒப்பிடுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நம்மில் பலர் வணிகப் பண்ணை என்றதும் பரண்மேல் கொட்டிலையும் அடர்தீவனத் தொட்டியையும் நினைத்துக்கொள்கிறோம். தென்னாப்பிரிக்கா, நமீபியா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் இந்தப் பிரிவினை நில உரிமையைப் பற்றியது. ஒரு குடும்பமோ நிறுவனமோ தனக்குச் சொந்தமான, வேலியிட்ட நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆடுகளைச் சுழற்சி முறையில் மேய்ப்பது வணிகப் பண்ணை. மரபுவழி உரிமையின்கீழ் உள்ள நிலத்தில் பல குடும்பங்களின் ஆடுகள் சேர்ந்து மேய்ந்து, இரவில் அவரவர் பட்டிக்குத் திரும்புவது பொதுமேய்ச்சல். இரண்டிலும் ஆடுகள் பெரும்பாலும் புதரையும் தழையையும் உண்டே வளர்கின்றன. ஆக, தீவனத்தின் வகையைக் காட்டிலும், யார் எப்போது எவ்வளவு ஆடுகளை எந்த நிலத்தில் விடலாம் என்பதிலேயே அடிப்படை வேறுபாடு தொடங்குகிறது.

என் கேள்வி இதுதான். பிறப்பு எடை, பால்குடி மறக்கும்போது எடை, அன்றாட எடைக் கூடுதல் ஆகிய மூன்றை மட்டும் வைத்து இரண்டு முறைகளையும் நியாயமாக ஒப்பிட முடியுமா? முடியாதென்றால், எதை அளக்க வேண்டும்?

பட்டிக்காவலர்:

நான் வணிக முறையில் ஆடு வளர்ப்பவன் என்பதால் என் சார்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடை என்பது மறைக்க முடியாத சான்று. நல்ல மேலாண்மையில் வளரும் போயர் என்ற இறைச்சி இனத்தின் குட்டி பால்குடிப் பருவத்தில் நாளொன்றுக்கு 200 கிராமுக்கு மேலும் கூடும். கவனிப்புக் குறைந்த பொதுமேய்ச்சலில் வளரும் சிற்றினக் குட்டிகள் பலவும் 100 கிராமைத் தொடுவதே அரிது. இவ்வளவு பெரிய இடைவெளியை அளவீட்டுக் குறை என்று விளக்கிவிட முடியாது.

வணிகப் பண்ணையில் இனச்சேர்க்கைக் காலம் வரையறுக்கப்படுகிறது. வெள்ளாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள் என்பதால், எந்த வாரத்தில் பொலி கிடாவை மந்தையில் விட்டால் எந்த வாரத்தில் குட்டிகள் விழும் என்று கணக்கிட்டு, தழை துளிர்க்கும் பருவத்தோடு பால் சுரப்பின் உச்சத்தைப் பொருத்த முடிகிறது. சினையின் கடைசி ஆறேழு வாரங்களில்தான் கருவின் எடையில் பெரும்பகுதி சேர்கிறது; அந்த வாரங்களில் தாய்க்குக் கூடுதல் தீவனம் கொடுத்தால் குட்டி கனமாகப் பிறக்கிறது, சீம்பாலும் நன்றாகச் சுரக்கிறது. பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் வயிற்றுக்குள் போவதையும், முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குட்டி அதைக் குடிப்பதையும் உறுதிசெய்ய ஆள் இருக்கிறது. இவையெல்லாம் சேர்ந்துதான் எடையாக நிற்கின்றன. அதைச் சிறந்த முறை என்று சொல்வதில் என்ன தவறு?

எடைக்கோல்:

பட்டிக்காவலர் ஐயா சொன்ன மேலாண்மைக் கூறுகள் அனைத்தும் சரியானவை. ஆனால் அவர் கொடுத்த ஒப்பீட்டிலேயே சிக்கலும் இருக்கிறது. ஒரு பக்கம் போயர், மறுபக்கம் சிற்றினம். போயர் இனத்துக்குத் தென்னாப்பிரிக்காவில் 1959-இல் வளர்ப்போர் சங்கம் அமைக்கப்பட்டு, இறைச்சிக்கென்றே வரையறுத்த தரத்தின்படி தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்திருக்கிறது. அதன் வளர்ந்த கிடா 100 கிலோவைத் தாண்டும். வங்காளக் கருப்பு போன்ற ஒரு சிற்றின ஆட்டின் முழு வளர்ச்சி எடையே 20 முதல் 30 கிலோதான். அதன் குட்டி ஒரு கிலோவை ஒட்டிய எடையில் பிறப்பது இயல்பு. இந்த இரண்டின் அன்றாட எடைக் கூடுதலை அருகருகே வைத்தால், நாம் அளப்பது இனத்தையா, வளர்ப்பு முறையையா? ஒரு முறையில் ஓர் இனம், மற்ற முறையில் வேறோர் இனம் என்றிருக்கும் தரவில் இந்த இரண்டு விளைவுகளையும் எந்தப் புள்ளியியல் உத்தியாலும் பிரித்தெடுக்க முடியாது.

அடுத்தது வயது. வணிகப் பண்ணையில் பிறந்த நாள் பதிவேட்டில் இருக்கும். பொதுமேய்ச்சலில் பல நேரங்களில் பல்லைப் பார்த்தோ உரிமையாளரின் நினைவைக் கேட்டோதான் வயது குறிக்கப்படுகிறது. மூன்று மாதக் குட்டியின் வயதில் மூன்று வாரப் பிழை என்பது சிறியதன்று. பிறந்த நாள் தெரிந்தாலும், எடை போடும் நாளில் எல்லாக் குட்டிகளும் ஒரே வயதில் இருக்காது. அதனால்தான் 90 நாளுக்குச் சமன்செய்த எடையைக் கணக்கிட வேண்டியிருக்கிறது. எடுத்துக்காட்டாக, 2.5 கிலோவில் பிறந்த ஒரு குட்டி 110-ஆம் நாளில் 13.5 கிலோ இருக்கிறது. அதே எடையில் பிறந்த இன்னொன்று 80-ஆம் நாளில் 12.5 கிலோ இருக்கிறது. பார்வைக்கு முதல் குட்டியே கனமானது. கணக்கிட்டால் முதலாவது நாளுக்கு 100 கிராம் வீதமும் இரண்டாவது 125 கிராம் வீதமும் கூடியிருக்கின்றன. 90 நாளுக்குச் சமன்செய்த எடை முறையே 11.5 கிலோவும் 13.75 கிலோவும் ஆகும். வரிசையே தலைகீழாகிவிடுகிறது.

இதோடு ஒற்றைக் குட்டியா இரட்டைக் குட்டியா, கிடாவா பெட்டையா, தாய்க்கு முதல் ஈற்றா நான்காம் ஈற்றா என்பவையும் சேர வேண்டும். இரட்டைக் குட்டிகள் ஒற்றைக் குட்டியைவிட எடை குறைவாகப் பிறக்கும், பாலையும் பங்கிட்டுக்கொள்ளும். நன்றாகத் தீனி கிடைக்கும் மந்தையில் இரட்டை ஈற்று மிகும். ஆகவே சமன்செய்யாமல் வெறும் சராசரியை எடுத்தால், நல்ல மேலாண்மையே அந்தப் பண்ணையின் சராசரி எடையைக் குறைத்துக் காட்டும் நிலையும் வரலாம்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது இறந்த குட்டிகளின் கணக்கு. தராசில் ஏறுவது உயிரோடு இருக்கும் குட்டி மட்டுமே. பத்துக் குட்டிகள் பிறந்த ஒரு மந்தையில் நலிந்த நான்கும் மடிந்து, தப்பிய ஆறும் சராசரியாக 14 கிலோ இருக்கின்றன என்று கொள்வோம். இன்னொரு மந்தையில் பத்தில் ஒன்பது பிழைத்து, சராசரி 12 கிலோ இருக்கிறது. வளர்ச்சி அட்டவணையில் முதல் மந்தை வெல்லும். ஆனால் பிறந்த பத்துக் குட்டிகளிலிருந்து கிடைத்த மொத்த எடை முதலில் 84 கிலோ, இரண்டாவதில் 108 கிலோ. நலிந்த குட்டியைக் காப்பாற்றிய மேய்ப்பரை இந்தச் சராசரி தண்டிக்கிறது. இந்தப் பிழை எந்த முறைக்குச் சாதகமாகச் சாயும் என்பது அந்தந்த மந்தையின் இறப்பைப் பொறுத்தது; ஆனால் இறப்பைச் சொல்லாமல் எடையை மட்டும் சொல்லும் எந்த ஒப்பீட்டையும் நான் நம்பத் தயாராக இல்லை.

முல்லைத்திணை:

எடைக்கோல் அவர்கள் அளவீட்டைப் பற்றி எழுதியதை வரவேற்கிறேன். அதே வேளையில், உண்மையான இடைவெளி ஒன்று இருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. பொதுமேய்ச்சல் மந்தைகளோடு நெடுங்காலம் பழகியவன் என்ற முறையில், அந்த இடைவெளி எங்கே உருவாகிறது என்று நான் காண்பதைச் சொல்கிறேன்.

அது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் உருவாகிவிடுகிறது. தாய் ஆடுகள் பனி உலர்ந்தபின் பட்டியிலிருந்து திறந்துவிடப்பட்டு, மாலையில் திரும்புகின்றன. நரிக்கும் கழுகுக்கும் பயந்தும், நெடுந்தூரம் நடக்க முடியாது என்பதாலும், சிறு குட்டிகள் பட்டியிலேயே விடப்படுகின்றன. ஆகவே குட்டிக்குக் காலையிலும் மாலையிலும் இரவிலும்தான் பால். பகல் முழுவதும் இடைவெளி. குடும்பம் பால் கறக்கும் வழக்கமுடையதாக இருந்தால் அதிலும் ஒரு பங்கு குறைகிறது. வெள்ளாட்டின் பால் சுரப்பு ஈன்ற நான்காவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் உச்சத்தை அடைந்து பிறகு இறங்கும். குட்டியின் முதல் இரைப்பை வளர்ந்து தழையைச் செரிக்கும் திறன் பெறவும் ஏறத்தாழ எட்டு வாரம் ஆகிறது. அதற்கு முன் குட்டிக்குப் பாலைத் தவிர வேறு உண்மையான உணவு இல்லை. அந்த வாரங்களில் பகலெல்லாம் தாயைப் பிரிந்து, தழையும் தண்ணீரும் இல்லாத பட்டியில் கிடக்கும் குட்டி எப்படி நாளுக்கு 150 கிராம் கூடும்?

தாயின் நிலையும் இதோடு சேர்ந்தது. பட்டி திறக்கத் தாமதமானால் மேய்ச்சல் நேரம் சுருங்குகிறது. நீர்நிலையும் மேய்ச்சல் நிலமும் எதிரெதிர்த் திசையில் இருந்தால் நடையிலேயே ஆற்றல் கரைகிறது. கிடாக்கள் ஆண்டு முழுவதும் மந்தையோடு திரிவதால் குட்டிகள் எல்லா மாதங்களிலும் விழுகின்றன. கோடையின் கடைசியில், இலையுதிர்ந்த புதர்களை நம்பிச் சினை தாங்கிய ஆடு ஈனும் குட்டி, பிறக்கும்போதே பின்தங்கிவிடுகிறது. மழைக்காலத்தின் நடுவில் பிறக்கும் குட்டிக்குத் தாய்ப்பால் மிகுதி. ஆனால் ஈரப் பட்டியும் குடற்புழுவும் அதைப் பிடிக்கின்றன. சரியான ஒரே பருவம் என்று ஒன்று எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பொதுமேய்ச்சல் மந்தையில் பணத் தேவை வரும்போது முதலில் விற்கப்படுவது எது? வேகமாக வளர்ந்த கிடாக்குட்டிதான். வாங்க வருபவரும் அதைத்தான் கேட்கிறார். சிறியதாக, மெலிந்ததாக நிற்கும் கிடா பட்டியிலேயே தங்கிப் பருவமடைந்து, காயடிக்கப்படாமல் இருந்தால், பெட்டைகளைச் சினையாக்குகிறது. வணிகப் பண்ணையில் நேர் எதிராக, சிறந்த வளர்ச்சி காட்டியதே பொலி கிடாவாக நிறுத்தப்படுகிறது. யாரும் திட்டமிடாமலே, ஒரு முறையில் வளர்ச்சிக்கு ஆதரவாகவும் மற்றொன்றில் எதிராகவும் மரபுத் தேர்வு ஆண்டுதோறும் நடக்கிறது. இதற்கு விலை உயர்ந்த இனக் கலப்பு எதுவும் தேவையில்லை. நன்றாக வளர்ந்த சில கிடாக்களைப் பல குடும்பங்கள் ஒப்புக்கொண்டு பொலிக்கென்று நிறுத்தி, மற்றவற்றைக் காயடித்தாலே அந்தப் போக்கு மாறும். அந்தக் கிடாக்களைக் குடும்பங்களுக்கிடையே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டால் நெருங்கிய உறவுச் சேர்க்கையும் குறையும்.

கால்நடைமருத்துவர்:

நோயைப் பற்றிச் சுருக்கமாக. வளர்ச்சியைக் கண்ணுக்குத் தெரியாமல் தின்பதில் முதலிடம் இரைப்பையில் வாழும் ஹீமாங்கஸ் புழுவுக்கு. ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தை எடுத்துக்கொள்கிறது. ஆயிரம் புழு இருந்தால் நாளுக்கு 50 மில்லிலிட்டர் இழப்பு. பெண் புழு ஒவ்வொன்றும் நாளுக்கு ஐயாயிரத்துக்கு மேல் முட்டையிடும். குட்டி இறக்காமலே மாதக்கணக்கில் எடை கூடாமல் நிற்பதற்கு இது போதும்.

ஆனால் இந்த ஒரு காரணத்தில் வணிகப் பண்ணைக்கு இயல்பான மேன்மை இருப்பதாக எண்ண வேண்டாம். வேலிக்குள் அடர்த்தியாக மேயும் மந்தைக்கு அடிக்கடி மொத்தமாக மருந்து கொடுத்ததால், பல நாடுகளின் பண்ணைகளில் குடற்புழு நீக்க மருந்துகள் ஒவ்வொன்றாகப் பயனிழந்து வருகின்றன. வெள்ளாட்டின் உடல் பல மருந்துகளைச் செம்மறியாட்டைவிட விரைவாகச் சிதைத்து வெளியேற்றும். செம்மறிக்கான அளவையே இதற்கும் கொடுத்ததால் குறை அளவு சென்று, புழுக்கள் தாக்குப்பிடிக்கும் திறன் பெற்றன. இதற்கு மாற்றாகத் தென்னாப்பிரிக்காவில் உருவான ஃபமாச்சா அட்டை இரண்டு முறைகளுக்கும் பொருந்தும். கீழிமையின் உட்புற நிறத்தை ஐந்து படிகளோடு ஒப்பிட்டு, சோகை தெரியும் ஆட்டுக்கு மட்டும் மருந்து கொடுக்கலாம். மந்தையில் சிறுபான்மை ஆடுகளே பெரும்பான்மை முட்டைகளை வெளியேற்றுகின்றன என்பதால் இது பயன் தருகிறது. இந்த அட்டை இரத்தம் உறிஞ்சும் புழுக்களுக்கு மட்டுமே பொருந்தும்.

மேய்ச்சல் விரிந்த இடங்களில் ஆடு தரையிலிருந்து உயர்ந்த தழையைக் கடிக்கும்போது புழுவின் இளம் பருவம் குறைவாகவே உள்ளே போகிறது. வேல மரங்களின் தழையில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள், மிதமான அளவில், புழுக்களை ஓரளவு அடக்குகிறது. மிகுந்தால் அதே டானின் புரதச் செரிமானத்தைக் கெடுத்து வளர்ச்சியைக் குறைக்கும். குட்டிகளை நெருக்கமாக அடைத்து வைக்கும் கொட்டில்களில் மூன்று வார வயதுக்குப் பிறகு இரத்தக் கழிச்சல் பெரிய தலைவலி. ஆட்டுக்கொல்லி என்ற வைரஸ் நோய்க்கு (பி.பி.ஆர்.) மட்டும் இரண்டு முறைகளும் ஒன்றுதான். தடுப்பூசி போடாத மந்தையில் அது முறையைப் பார்த்து நுழைவதில்லை. உலக அளவில் 2030-க்குள் அதை ஒழிக்க இலக்கு வைத்திருப்பதால், தடுப்பூசியைத் தவறவிட வேண்டாம் என்று இரு தரப்பையும் கேட்டுக்கொள்கிறேன்.

புதிய இனங்களைக் கொண்டுவருவோருக்கு ஓர் எச்சரிக்கை. ஆப்பிரிக்காவின் சில பகுதிகளில் உண்ணிகள் பரப்பும் ஹார்ட்வாட்டர் நோய் நிலையாக இருக்கிறது. அங்கேயே தலைமுறைகளாக வாழ்ந்த நாட்டு ஆடுகள் அதைப் பெருமளவு தாங்கும். நோயில்லாத பகுதியிலிருந்து வரும் வேகமாக வளரும் இனங்கள் மடிந்துவிடக்கூடும். இறந்த ஆட்டின் வளர்ச்சி வீதம் பூஜ்யம்.

பட்டிக்காவலர்:

மருத்துவர் ஐயாவுக்கு நன்றி. மருந்து எதிர்ப்புத் திறன் பற்றி அவர் சொன்னது எங்கள் தரப்பில் எல்லோரும் கவனத்தில் கொள்ள வேண்டியது.

ஆனால் நான் அடிப்படைக் கேள்விக்குத் திரும்புகிறேன். இனத்தையும் வயதையும் ஈற்றையும் சமன்செய்து, இறப்பையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், ஓர் ஆடு எவ்வளவு வளர்ந்தது என்பதில் வேலியிட்ட நிலம் முன்னிலையில் இருக்கும் என்றே நினைக்கிறேன். காரணம் எளிது. எத்தனை ஆடுகளை விடுவது என்பதை நான் தீர்மானிக்கிறேன். பொதுமேய்ச்சலில் அதை யாரும் தீர்மானிப்பதில்லை. ஒருவர் குறைத்தால் அந்தத் தழையை அடுத்தவரின் ஆடு தின்னும். அதனால் எல்லோருடைய ஆடும் மெலிகிறது.

எடைக்கோல்:

ஓர் ஆட்டின் வளர்ச்சி என்பதிலேயே நிற்காமல், ஒரு நிலத்தின் வளர்ச்சி என்ன என்றும் கேட்க வேண்டும். ஜோன்ஸ், சாண்ட்லாண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பல மேய்ச்சல் சோதனைகளின் முடிவுகளைத் திரட்டி 1974-இல் ஒரு தொடர்பை முன்வைத்தனர்: நிலத்தில் கால்நடைகளின் எண்ணிக்கை கூடக் கூட, தலைக்கு எடைக் கூடுதல் நேர்கோட்டில் இறங்குகிறது. இதை ஒரு கற்பனை எண்ணோடு பார்ப்போம். ஹெக்டேருக்கு எத்தனை ஆடோ அதை இருபதால் பெருக்கி, நூறிலிருந்து கழித்தால் வருவது ஓர் ஆட்டின் அன்றாட வளர்ச்சி கிராம் என்று வைத்துக்கொள்வோம்.

ஹெக்டேருக்கு ஓர் ஆடு விட்டால் அது நாளுக்கு 80 கிராம் வளரும். நிலத்துக்கும் 80 கிராம்தான். இரண்டரை ஆடு வீதம் விட்டால் தலைக்கு 50 கிராம். நிலத்துக்கு 125 கிராம். நான்கு ஆடு விட்டால் தலைக்கு வெறும் 20 கிராம். நிலத்துக்கு மறுபடியும் 80 கிராம். நிலம் மிகுதியான இறைச்சியைத் தரும் இடத்தில், ஒவ்வோர் ஆடும் தன்னால் இயன்ற உச்ச வளர்ச்சியில் பாதியைத்தான் காட்டுகிறது. ஆகவே ஒரு மந்தையின் ஆடுகள் குறைந்த வேகத்தில் வளர்கின்றன என்பதை மட்டும் வைத்து அந்த நிலம் வீணாகிறது என்று சொல்ல முடியாது. அதே கணக்கு பொதுமேய்ச்சலுக்கு வக்காலத்தும் வாங்கவில்லை: நான்கு ஆடு விடும் நிலம் ஓர் ஆடு விடும் நிலத்தின் அதே விளைச்சலைத்தான் தருகிறது, மழை பொய்த்தால் முதலில் சரிவதும் அதுதான்.

எனவே தலைக்கு எவ்வளவு, ஹெக்டேருக்கு எவ்வளவு, இரண்டையும் ஒரே அட்டவணையில் போட வேண்டும். பெரும்பாலான வளர்ச்சி ஒப்பீடுகளில் இரண்டாவது எண்ணே இருப்பதில்லை. மேய்ச்சல் நிலத்தின் பரப்பையும் அதில் மேய்ந்த மொத்த ஆடுகளின் எண்ணிக்கையையும் குறிக்காத ஆய்வில் அதைப் பிறகு கணக்கிடவும் வழியில்லை.

முல்லைத்திணை:

பொதுமேய்ச்சலில் எண்ணிக்கையை யாரும் தீர்மானிப்பதில்லை என்ற கருத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த வாதத்தை 1968-இல் அமெரிக்கச் சூழலியலாளர் காரட் ஹார்டின் பரப்பினார். அவர் வருணித்தது உண்மையில் யாருக்கும் உரிமையும் விதியும் இல்லாத திறந்த நிலத்தை. யார் எந்தப் பருவத்தில் எங்கே மேய்க்கலாம், வெளியூர் மந்தை வந்தால் என்ன செய்வது என்று தங்களுக்குள் விதி வகுத்து, கண்காணித்து, மீறுவோருக்குத் தண்டம் விதித்துத் தலைமுறைகளாகப் பொது வளத்தைக் காத்துவரும் சமூகங்கள் உலகின் பல பகுதிகளில் இருப்பதை அரசியல் அறிவியலாளர் எலினார் ஆஸ்ட்ரோம் விரிவாக ஆராய்ந்து காட்டினார். 2009-இல் பொருளியலுக்கான நோபல் பரிசும் பெற்றார். விதி சிதைந்த பொதுநிலம் உண்டு. விதி வாழும் பொதுநிலமும் உண்டு. இரண்டையும் ஒரே பெயரில் அடைத்து, வணிகப் பண்ணையோடு ஒப்பிடுவது நியாயமன்று.

வரலாற்றையும் மறக்கக் கூடாது. தென்னாப்பிரிக்காவில் 1913-ஆம் ஆண்டின் நிலச் சட்டம் நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை மட்டுமே கறுப்பின மக்களுக்கு ஒதுக்கியது. 1936-ஆம் ஆண்டின் சட்டம் அதைச் சுமார் 13 விழுக்காடாக உயர்த்த வகைசெய்தது. இன்றைய பொதுமேய்ச்சல் பகுதிகள் பெரும்பாலும் அந்த எல்லைகளுக்குள்தான் இருக்கின்றன. அத்தனை மக்களும் அவர்களின் ஆடுமாடுகளும் அவ்வளவு சிறிய பரப்பில் நெருக்கப்பட்டபின், அங்கே வளரும் குட்டி மெலிந்திருப்பதை மேய்ப்பரின் அறியாமையாக எழுதுவதை என்னால் ஏற்க முடியாது. வளர்ப்பு முறை என்ற ஒற்றைத் தலைப்பின்கீழ் நாம் அளப்பதில் ஒரு பங்கு, நிலப் பங்கீட்டின் விளைவு.

ஆட்டை எதற்காக வளர்க்கிறார்கள் என்பதும் இருக்கிறது. பால், எரு, சடங்கு, அவசரச் செலவு, வறட்சியில் தப்பிப் பிழைக்கும் சேமிப்பு என்று பல பயன்களுக்கு ஒரே மந்தை. வறட்சிக்குப் பிறகு மந்தையை மறுபடி பெருக்க எத்தனை பெட்டைகள் உயிரோடு மிஞ்சின என்பதே அந்தக் குடும்பத்துக்கு முதன்மையான அளவு. 90-ஆம் நாள் எடை அடுத்த இடத்தில்தான் வரும்.

பட்டிக்காவலர்:

விதி வாழும் பொதுநிலத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பல பயன் என்ற விடையை நான் முழுமையாக ஏற்கவில்லை. சேமிப்பாக வைத்திருக்கும் ஆடும் விற்கும் நாளில் எடைக்குத்தான் விலை போகிறது. முதல் மூன்று மாத வளர்ச்சி கூடினால் சேமிப்பும் கூடும், இறப்பும் குறையும். நலமாக வளரும் குட்டிதான் நோயையும் தாங்கும். ஆகவே வளர்ச்சி என்பது வணிகருக்கு மட்டுமான அளவுகோல் அன்று.

மேய்ச்சல்மாணவர்:

பட்டிக்காவலர் ஐயாவின் கடைசி வாக்கியத்தோடு நான் உடன்படுகிறேன். வளர்ச்சியை அளக்கக் கூடாது என்பது என் நிலைப்பாடு அன்று. இறப்பையும் நிலத்தையும் இனத்தையும் விட்டுவிட்டு அளக்கக் கூடாது என்பதே.

இதுவரை பேசியதை வைத்து ஓர் ஆய்வமைப்பை எழுதிப் பார்த்தேன். ஒரே நாட்டு இனத்தின் தாய் ஆடுகளை இரண்டு முறைகளிலும் வைக்க வேண்டும்; இயன்றால் ஒரே கிடாக்களின் வாரிசுகள் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு கிடாவின் குட்டிகள் ஒரு முறையில் முதலிடமும் மற்றொன்றில் கடைசி இடமும் பெறுகின்றனவா என்பது தெரியும். அப்படித் தரவரிசை மாறினால், வணிகப் பண்ணையில் தேர்ந்த கிடாவைப் பொதுமேய்ச்சலுக்கு அனுப்பும் மேம்பாட்டுத் திட்டங்களின் அடிப்படையே கேள்விக்குள்ளாகும். என்னைப் பொறுத்தவரை இந்தத் தலைப்பில் விடை காண வேண்டிய முதன்மையான கேள்வி இதுவே.

வெவ்வேறு எடையுள்ள ஆடுகளின் வேகத்தை ஒப்பிட, விலங்கு உடலியலாளர் மாக்ஸ் கிளைபரின் பெயரில் வழங்கும் விகிதத்தையும் சேர்க்க விரும்புகிறேன். அன்றாட எடைக் கூடுதலை, உடல் எடையின் 0.75 அடுக்கால் வகுப்பது அது. 16 கிலோ எடையுள்ள குட்டி நாளுக்கு 80 கிராம் கூடினால் விகிதம் 10. 25 கிலோ குட்டி 112 கிராம் கூடினாலும் விகிதம் ஏறத்தாழ அதே 10 தான். கிராமில் பார்த்தால் பெரியது முந்துகிறது. தன் உடலைப் பேணும் செலவோடு ஒப்பிட்டால் இரண்டும் சமம்.

எடைக்கோல்:

அமைப்பு நன்றாக இருக்கிறது. கிளைபர் விகிதத்தைத் தீவன மாற்றுத் திறனின் (உண்ட தீவனத்தை எடையாக்கும் திறனின்) மறைமுகக் குறியாக மட்டும் கொள்ளுங்கள். மேய்ச்சலில் உண்ட அளவை யாரும் நேரடியாக அளக்காத நிலையில் அது ஒரு மதிப்பீடுதான். பால்குடி மறந்தபின் குறைந்தது ஒரு முழு ஆண்டு தொடர்ந்து எடை பாருங்கள். கோடையில் நின்றுபோன குட்டி, மழைக்குப்பின் வேகமெடுத்து இழந்ததில் ஒரு பகுதியை ஈடுசெய்யும். மூன்றாம் மாதத்தோடு ஆய்வை நிறுத்தினால் அந்த ஈடுசெய் வளர்ச்சி கணக்கில் வராது. வயதோடு எடை ஏறி முதிர்ச்சியில் நிலைபெறுவதைக் காட்டும் கோம்பெர்ட்ஸ் போன்ற வளர்ச்சி வளைகோட்டைத் தரவுக்குப் பொருத்துவதற்கும், முதிர்ந்த எடையை நெருங்கும் வரை தரவு தேவை. இல்லாவிட்டால் வளைகோடு முதிர்ந்த எடையைக் கண்டபடி கணித்துவிடும்.

முல்லைத்திணை:

பொதுமேய்ச்சலில் தராசைத் தூக்கிக்கொண்டு எல்லாப் பட்டிக்கும் போவது கடினம். மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்து எடையை மதிப்பிடலாமா?

கால்நடைமருத்துவர்:

அளக்கலாம், உடல் அளவுகளில் எடையோடு மிக நெருங்கிய தொடர்புடையது அதுவே. மூன்று நிபந்தனைகள். ஓர் இனத்துக்கு உருவாக்கிய சமன்பாட்டை இன்னோர் இனத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. உங்கள் மந்தையில் ஒரு பகுதியையாவது தராசிலும் நாடாவிலும் சேர்த்து அளந்து, குட்டிகளுக்கும் வளர்ந்தவற்றுக்கும் தனித்தனிச் சமன்பாடு எழுதுங்கள். சினை ஆடுகளைச் சேர்க்காதீர்கள். தராசானாலும் நாடாவானாலும், காலையில் பட்டி திறக்கும் முன் அளந்துவிடுங்கள். வயிறு நிறைய மேய்ந்து நீர் குடித்து வந்த ஆட்டின் எடை கிலோக் கணக்கில் மாறிவிடும்.

மேய்ச்சல்மாணவர்:

நன்றி. குட்டி பிறந்த நாளையும், அது ஒற்றையா இரட்டையா என்பதையும், இறந்தால் எந்த வாரத்தில் எந்த அறிகுறியோடு இறந்தது என்பதையும் குடும்பத்தினரே குறித்துக்கொள்ளும் வகையில் ஒரு பக்க அட்டை தயாரிக்கிறேன். எழுதத் தெரியாதவர்களுக்காகப் படக்குறிகளோடு அமைக்க எண்ணியிருக்கிறேன். வரைவு முடிந்ததும் இதே இழையில் இடுகிறேன். பட்டியில் நின்று ஒரு கையால் நிரப்பக்கூடிய அளவுக்கு எளிதாக இருக்கிறதா என்று முல்லைத்திணை அவர்களும் பட்டிக்காவலர் ஐயாவும் சொன்னால், அச்சிடும் முன் திருத்திக்கொள்வேன்.